முதல் ஆறு வாரம்: கல்லூரிக்குப் புதிதாக வரும் அறிவியல் மாணவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, தரவரிசைப் பட்டியலில் பெயரைத் தேடி, கலந்தாய்வுக்குப் போய், பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ விலங்கியலோ ஒரு இடமும் கிடைச்சாச்சு. வீட்டில் எல்லோருக்கும் ‘அப்பாடா’ என்று இருக்கும். ஆனால் சிரமமான பகுதி இனிமேல்தான் ஆரம்பம். அதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கி, 2013-ல் தனிச் சட்டத்தின் மூலம் அரசின் நிர்வாகத்துக்கு வந்த பல்கலைக்கழகம் அது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே சி.முட்லூரிலும் விருத்தாசலத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. எங்கே சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் வரும் தடுமாற்றம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்து மாணவியை நினைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் நல்ல மார்க். வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள். சேர்ந்திருப்பது பி.எஸ்சி. வேதியியல். இந்த மாணவி முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பரில் அரியர் வைத்தால், ‘பொண்ணுக்குக் காலேஜ் படிப்பு ஏறல’ என்று ஊரில் பேசுவார்கள். படிப்பு ஏறாதது பெரும்பாலும் காரணமாக இருக்காது. பள்ளிக்கூடம் நம்மைத் தேடி வரும், கல்லூரியை நாம்தான் தேடிப் போகணும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லாததே காரணமாக இருக்கும்.

பள்ளியில் ஒரு நாள் லீவு போட்டால் வீட்டுக்குப் போன் வரும். வாரா வாரம் டெஸ்ட், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், மார்க் குறைந்தால் அம்மா அப்பாவை வரச் சொல்வார்கள். கல்லூரியில் பேராசிரியர் வருவார், யூனிட்டை நடத்துவார், அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு, அதாவது மாணவர்கள் ‘முதல் இண்டர்னல்’ என்று சொல்வது, பெரும்பாலும் ஐந்தாறு வாரம் கழித்துத்தான் வரும். அதுவரை உங்களுக்குப் புரிந்ததா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. அந்த ஆறு வாரம் அமைதியாகக் கழிந்துவிட்டால், அதற்குள் இரண்டு யூனிட் கைவிட்டுப் போயிருக்கும்.

அதனால் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கத்தை ஆரம்பித்துவிடுங்கள். வகுப்பு முடிந்து பேராசிரியர் வெளியே வரும்போது நோட்டைத் திறந்து, புரியாத ஒரே ஒரு வரியைக் காட்டிக் கேளுங்கள். ‘மேடம், எதுவுமே புரியல’ என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘மேடம், இந்த மூணாவது ஸ்டெப்புல இருந்து நாலாவது எப்படி வந்துச்சுன்னு தெரியல’ என்றால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில்தான் கேட்கணும் என்று நினைத்துக் கேட்காமலே விட்டவர்கள்தான் அதிகம்.

தெரிந்த பாடம், தெரியாத மொழி

தமிழ் வழியில் படித்து வரும் அறிவியல் மாணவருக்கு முதல் அடி மொழியில்தான் விழுகிறது. வகுப்பில் ‘மொமெண்டம்’ என்று ஒரு சொல் வருகிறது. இவருக்கு அது புதிது மாதிரி இருக்கிறது. ஆனால் ‘உந்தம்’ என்று சொன்னால், சூத்திரத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். ‘இனர்ஷியா’ என்பது நிலைமம். ‘கேட்டலிஸ்ட்’ என்பது வினையூக்கி. ‘ஆஸ்மாசிஸ்’ என்பது சவ்வூடு பரவல். ‘லீஸ்ட் கவுண்ட்’ என்பது நம்ம மீச்சிற்றளவு: வெர்னியருக்கு 0.01 செ.மீ., திருகு அளவிக்கு 0.01 மி.மீ. இவற்றில் ஒன்றுகூடப் புதுப் பாடம் கிடையாது. தெரிந்த ஆள் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பாடப்புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாட வரிசையும் படங்களும் கணக்குகளும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பிளஸ் ஒன் பாடம் ஒன்றை எடுத்து, அதன் ஆங்கில வழிப் புத்தகத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஆங்கிலத்தில் படியுங்கள். அர்த்தம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கண் சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளும். தினம் நான்கு பக்கம் போதும், ஒரு மாதத்தில் வகுப்பில் உட்காரும்போது வித்தியாசம் தெரியும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட முதல் செமஸ்டருக்கு இது உதவும் என்பது என் கருத்து.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. இடது பக்கம் வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல். தமிழ்ச் சொல் நினைவுக்கு வராவிட்டால், தமிழ்நாடு அரசின் ‘சொற்குவை’ இணையதளத்தில் ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடலாம்.

சில அரசுக் கல்லூரிகளில் சில அறிவியல் பாடங்களுக்குத் தமிழ் வழிப் பிரிவும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தவர்கள் அவசரப்பட்டு ஆங்கில வழிக்கு மாற்றக் கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. பட்டப்படிப்பு தகுதியாக உள்ள பணி என்றால், பள்ளிப் படிப்பு மட்டும் போதாது, பட்டப்படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பிரிவு மாறுவது தப்பில்லை. தெரிந்து மாறுங்கள்.

கணக்கு இல்லாமல் வந்தவர்கள்

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் தாவரவியல், விலங்கியலோடு வந்தவர்கள் வேதியியலில் சேரும்போது இன்னொரு சுவர் காத்திருக்கிறது. பல கல்லூரிகளில் துணைப்பாடமாகக் கணிதம் வரும். முதல் வாரத்திலேயே ‘டெரிவேட்டிவ்’. தமிழில் வகைக்கெழு.

பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். பேருந்து ஒன்றரை மணி நேரத்தில் போனால் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஆனால் பேருந்து வழி நெடுக 30-லேயே போகவில்லை. ஊருக்குள் 15, ஊர் தாண்டினால் 60, நிறுத்தத்தில் பூஜ்யம். ‘இந்த நொடியில் என்ன வேகம்’ என்று டிரைவர் முன்னால் இருக்கும் முள் காட்டுகிறதே, அதுதான் வகைக்கெழு. தூரத்துக்குப் பதில் கரைசலின் செறிவைப் போட்டுக்கொண்டால், அதுவே வேதிவினையின் வேகம். நீங்கள் வேதியியலில் படிக்கப் போகும் வினைவேகப் பாடம் முழுக்க இந்த முள்ளின் கதைதான். இந்த அளவு புரிந்த பிறகு, பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் வகையிடல் பாடத்தை எடுத்துத் தினம் ஐந்து கணக்கு போடுங்கள். வகுப்பில் கணிதப் பிரிவிலிருந்து வந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உயிரியலில் நீங்கள் அவருக்குச் சொல்லித் தரலாம்.

ஆய்வகமும் ரெக்கார்டு நோட்டும்

அறிவியல் மாணவருக்கும் மற்ற மாணவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் லேப். பள்ளியில் பல பேருக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முன்னால் நாலைந்து முறை லேப் பக்கம் போன அனுபவம்தான் இருக்கும். இங்கே வாராவாரம் உண்டு.

தரம் பார்த்தலை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் எல்லோரும் டைட்ரேஷன் என்பார்கள். கூம்புக் குடுவையில் அமிலம், பினாப்தலீன் இரண்டு சொட்டு, பியூரெட்டில் காரம். நிறமில்லாத கரைசல் நிலையான வெளிர் இளஞ்சிவப்புக்கு மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் தாண்டிப் போய் அடர் ரோஸ் நிறம் வரும். அது தப்பு இல்லை, முதல் அளவீட்டை எப்படியும் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். அடுத்தடுத்து இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகும் வரை திரும்பச் செய்ய வேண்டும்.

சிக்கல் அங்கே வருவதில்லை, நோட்டில் வருகிறது. பக்கத்து டேபிளில் 10.2 வந்திருக்கிறது, நமக்கு 11.1 வருகிறது. உடனே நம் அளவை அடித்துவிட்டு 10.2 என்று எழுதத் தோன்றும். போன வருஷத்து சீனியர் அக்கா கொடுத்த ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் இன்னும் சுலபம். ஆனால் செய்முறைத் தேர்வு அன்று உங்களுக்குத் தரும் கரைசலின் செறிவு வேறாக இருக்கும். அன்றைக்குப் பார்த்து எழுத யாருடைய நோட்டும் இருக்காது. உங்களுக்கு வந்த 11.1-ஐ அப்படியே பேனாவில் எழுதிவிட்டு, ‘சார், எனக்கு ஏன் அதிகமா வருது?’ என்று கேளுங்கள். பியூரெட்டின் முனையில் காற்றுக் குமிழி இருந்திருக்கலாம், அளவைக் கண் மட்டத்தில் பார்க்காமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் கண்டுபிடிக்கத் தெரிவதுதான் அந்த லேப்பில் நீங்கள் கற்க வேண்டியது.

அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரெக்கார்டை அடுத்த லேப்புக்குள் எழுதி முடித்துக் கொடுங்கள். ஒரு வாரம் விட்டால் இரண்டு, இரண்டு விட்டால் நான்கு. செமஸ்டர் கடைசியில் இரவு பகலாக உட்கார்ந்து பன்னிரண்டு சோதனைகளை எழுதிக்கொண்டிருப்பவரால் தியரி படிக்க முடியாது. கையெழுத்து முழுமையாக இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்கு விடுவார்களா என்பதும் சந்தேகம்தான்.

முதல் மணி நேரத்தின் கணக்கு

தினம் ஊரிலிருந்து வந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இது. செமஸ்டர் தேர்வு எழுதக் குறைந்தது 75 சதவீத வருகை வேண்டும் என்பது பரவலான விதி. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து தாமதத்தால் தினமும் முதல் மணி நேரம் மட்டும் தவறிப்போகிறது. லீவே போடவில்லை. ஆனாலும் வகுப்பு வாரியாக வருகை எடுக்கும் கல்லூரியில் உங்கள் கணக்கு 80 சதவீதத்தில் நிற்கும். இதற்கு மேல் காய்ச்சலுக்காக ஆறு நாள் படுத்தால் 75-க்குக் கீழே போய்விடும். ‘நான் தினமும்தானே வர்றேன்’ என்று சொல்லும் மாணவர் தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பேருந்து நேரம் ஒத்து வரவில்லை என்றால் ரயிலையும் பாருங்கள். கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரத்துக்குப் பாதை இருக்கிறது. மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரியில் சலுகைச் சான்று வாங்கி ரயில் நிலையத்தில் கொடுக்க வேண்டும். தெரியாததால் காசு கொடுத்துப் பயணம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது வெளியூர்ப் பேருந்துகளுக்குப் பொருந்தாது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கான கட்டணமில்லாப் பயண அட்டைக்குக் கல்லூரி அலுவலகத்திலேயே பெயர் கொடுக்கலாம்.

மாதம் ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது?

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். முன்னது 2022 செப்டம்பரிலும் பின்னது 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு கல்வி உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம்.

விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான். பள்ளியில் உங்களுக்கு இருந்த எமிஸ் எண்ணும், கல்லூரியில் தரப்படும் யூமிஸ் எண்ணும் முக்கியம். யூமிஸ் என்பது கல்லூரி மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அரசுத் தளம். அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதல் மாதமே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல்.

‘எல்லாம் சரியாக இருக்கு, ஆனா பணம் வரல’ என்ற புகாருக்கு அடிக்கடி காரணமாக இருப்பது வேறு. வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டால் ஆதார் இணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அரசுப் பணம் வருவதற்கு அது போதாது. உங்கள் ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்று தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் பதிவாகி இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்கும். பள்ளியில் படிக்கும்போது ஒரு வங்கியில் கணக்கு, பிறகு கடைத்தெருவில் யாரோ ‘ஜீரோ பேலன்ஸ்’ என்று சொல்லித் திறந்து கொடுத்த இன்னொரு கணக்கு என்று இருந்தால், கடைசியாக இணைத்த வங்கிக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் பழைய பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

போனிலேயே பார்த்துவிடலாம். மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து உள்ளே போனால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வங்கி, இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். இதற்கு ஆதாரில் உங்கள் மொபைல் எண் பதிவாகி இருக்க வேண்டும். வங்கியை மாற்ற வேண்டுமானால் அந்த வங்கிக் கிளையில் நேரடிப் பயன் பரிமாற்றத்துக்காக ஆதார் சீடிங் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஓ.டி.பி.யை வேறு யாருக்கும் போனில் சொல்லாதீர்கள். ‘ஸ்காலர்ஷிப் ஆபீஸிலிருந்து பேசறேன்’ என்று வரும் அழைப்பை அப்படியே துண்டித்துவிடலாம்.

கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று கேட்கும் சலுகைகளும் உண்டு. மூன்றையும் இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பதால் போன வருஷத்து நகலைக் கொண்டு போகாதீர்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரில் சேமித்து வைத்துக்கொண்டால், கல்லூரியில் அசலைக் கொடுத்திருக்கும் நாட்களில் கைகொடுக்கும்.

ராகிங்: சிதம்பரம் மறக்க முடியாத ஒன்று

1996 நவம்பரில் அண்ணாமலை நகரில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கின் பெயரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் முதலில் அவசரச் சட்டமாகவும், 1997-ல் சட்டமாகவும் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தாலும், அதில் பங்கெடுத்தாலும் இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்ற மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு எங்கும் சேர முடியாது. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் விசாரிக்காமல் விடக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. சீனியர்களில் பெரும்பாலோர் நோட்டும் புத்தகமும் கொடுத்து உதவுகிறவர்கள்தான். ஆனாலும் விடுதியில் இரவு நேரத்தில் ‘சும்மா பழகத்தான்’ என்று ஆரம்பிப்பது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை வற்புறுத்திச் செய்யச் சொன்னால் அது ராகிங்தான். 24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண் 1800-180-5522. இதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் வீட்டிலிருந்து அண்ணனோ அக்காவோ கூடப் பேசலாம்.

மழைக்காலமும் தேர்வும்

முதல் செமஸ்டர் முடியும் நேரமும் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரமும் நம் மாவட்டத்தில் ஒன்றாகவே வருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2015 நவம்பரில் கடலூர் வெள்ளத்தில் மிதந்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணையாறு கரை புரண்டது. ஆகவே அக்டோபர் பிறந்தால் ரெக்கார்டு, அப்சர்வேஷன், சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். எழுதி முடித்த ரெக்கார்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘நாளைக்கு எக்ஸாம் கேன்சல்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பார்வேர்டை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை என்ற மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைக் கல்லூரிக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டு தேர்வைத் தவறவிடும் ஆபத்து இருக்கிறது. கல்லூரி தேர்வை நடத்தலாம், பல்கலைக்கழகம் தள்ளி வைக்கலாம். பல்கலைக்கழக இணையதளத்தைப் பாருங்கள், அல்லது வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மழை எச்சரிக்கைக்கு டி.என். அலர்ட் செயலி இருக்கிறது. ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்த இதழைப் படிக்கும் அப்பா, அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘என்ன மார்க் வாங்கின?’ என்று கேட்பதற்கு முன், ‘இண்டர்னல் எப்போ? லேப் நோட்டுல கையெழுத்து வாங்கியாச்சா?’ என்று கேளுங்கள். காலேஜில் நடப்பது உங்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதால்தான் பல விஷயங்கள் வீட்டுக்கு வருவதில்லை. சாப்பாடு குறைந்து, போன் பேச்சும் குறைந்து, லீவு முடிந்தும் கிளம்பத் தயங்கினால் திட்ட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், கட்டணம் இல்லை. பிள்ளைதான் பேச வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று கேட்கலாம்.

அரியர் விழுந்துவிட்டால்

விழலாம். பரவலாக உள்ள முறையில் உள்மதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 மதிப்பெண். மொத்தத்தில் 40 வேண்டும். தேர்வில் தனியாகவும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கல்லூரியின் விதி என்ன என்பது சிலபஸ் புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். இண்டர்னலில் 20 வைத்திருப்பவருக்கும் 8 வைத்திருப்பவருக்கும் தேர்வு அறையில் இருக்கும் பதற்றம் ஒன்றல்ல. முதல் ஆறு வாரம் என்று இவ்வளவு சொன்னது அந்தப் பன்னிரண்டு மார்க்குக்காகவும்தான்.

ரிசல்ட் வந்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, டிபார்ட்மெண்ட்டுக்குப் போய் அந்தப் பேப்பரை நடத்திய பேராசிரியரைப் பாருங்கள். எந்த யூனிட்டில் மார்க் போனது என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த யூனிட்டின் நோட்டை இரண்டாவது செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே மறுபடி எடுங்கள். அரியர் பேப்பருக்கும் தனியாகத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். ரெகுலர் பேப்பருக்கு மட்டும் கட்டிவிட்டு அதை மறந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.